நாற்காலி எங்கே?

மூச்சு விடுவதற்கு மட்டும்தான் சர்க்கார் இன்னும் கணக்குக் கேட்கவில்லை என்று கரட்டுப்புதூரில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். கனவுக்குக் கேட்பார்கள் என்று அப்படிச் சொன்னவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது கலாமணி பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைக் கத்தரித்து, மடித்து, அடுக்கிவைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அதே கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி செக்கிங் பார்த்தவள். ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்த வேன் கவிழ்ந்தது. முதுகெலும்பு முறிந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. இடுப்புக்குக் கீழே அன்றைக்குப் போன உணர்வு திரும்பி வரவே இல்லை.

சர்க்கார் அவளுக்குக் கொடுத்தது இரண்டு. ஒரு சக்கர நாற்காலி, ஓர் ஈஸ்வரி. காலை எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் நாலு மணிக்குப் போகும் உதவியாள் ஈஸ்வரி. கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது எல்லாம் அவள் வேலை. முன்பெல்லாம் இதில் பாதியைக் கலாமணியே செய்துகொண்டாள். கால் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து இருபத்திரண்டு வருடம் செய்ததில் வலது தோள் நைந்துவிட்டது. இனி அந்தக் கையை நம்பாதே என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. ராத்திரியில் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்து எப்படியோ அவளே புரண்டுகொள்வாள்.

ஈஸ்வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கலாமணிக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டு வாசலில் ஏழு படி. படியைக்கூட ஏறிவிடலாம், அண்ணியின் முகத்தை ஏற முடியாது. இல்லாவிட்டால் மாவட்டத் தலைநகரில் ஓர் இல்லம். அவளுக்குத் தெரிந்து அங்கே போனவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் படுக்கைப் புண் வந்து செத்தார்கள்.

செய்தியை அனுப்பியவர் நாச்சிமுத்து. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், ஐம்பத்தைந்து வயது. முதுகு முறிந்தவர்களுக்காக அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘முதுகெலும்பு உள்ளவர்கள்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். எழுதப் பிடிக்காது, பேசித்தான் அனுப்புவார்.

“அம்மணி, கேட்டியா இந்தக் கூத்த? இனிமே நம்மளத் தூங்க வெச்சுப் பாக்கறாங்களாமா. தலைல சும்மாடு மாதர ஒரு பட்டைய மாட்டி உட்டுருவாங்களாமா. கனவுல நடந்தீன்னா, மூளைல நடக்கற எடம் உசுரோட இருக்குதுன்னு அர்த்தமாமா. உசுரோட இருந்தாப் பயிற்சி குடுத்தாச் சரியாயிருமாமா. சரியாகப் போறவனுக்கு எதுக்கு ஆளுங்கறானுக.”

கலாமணி உடனே போன் போட்டாள். “அண்ணா, மேல சுவிட்சு நல்லாத்தான் இருக்குது. வயரு அறுந்து கெடக்குதே? சுவிட்சப் போட்டா லைட்டு எரிஞ்சிருமா?”

“அதை நீ எங்கிட்டக் கேளு. அங்க கேக்கறதுக்கு ஒரு ஆளு இருக்குதா? இப்பத்திக்கு யோசனைதான், சட்டமாகலீன்னு பேப்பர்ல போட்டுருக்குது. யோசனைங்கறதே நம்ம தலைல வெக்கறதுக்குத்தான.”

அந்தக் கருவிக்குத் துறை வைத்த பெயர் நரம்புத் திறன் கணிப்பான். நாச்சிமுத்து சொன்ன சும்மாடுதான் ஊரில் நிலைத்தது.

கலாமணி கத்தரியை வைத்துவிட்டாள். ஏனென்றால் அவள் நடப்பாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எப்போதும் ஒரே கனவுதான். ஷிப்டு முடிந்து வாய்க்கால் மேட்டில் வீட்டுக்கு நடந்து வருவாள். செருப்பு வார் அறுந்திருக்கும். இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொள்வாள். தண்ணீர் அன்றைக்குத்தான் திறந்துவிட்டிருப்பார்கள், கரையெல்லாம் ஈரம். விரல் இடுக்கில் சேறு பிதுங்கி ஏறும். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் அந்தச் சேற்றின் குளிர்ச்சியைப் பிடித்துவைத்துக்கொண்டு கிடப்பாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

யோசனை ஒரே மாதத்தில் ஆணையானது. பக்கத்து மாவட்டத்தில் முதல் முகாம் நடந்தது. தொண்ணூறு பேரைத் தூங்கவைத்தார்கள், அறுபத்துநாலு பேர் நடந்தார்கள். அறுபத்துநாலு பேருக்கும் ‘மீளத்தக்கவர்’ என்று கடிதம் வந்து உதவியாட்கள் நின்றுபோனார்கள். கரட்டுப்புதூர் முகாமுக்கு ஏழு வாரம் இருந்தது.

வழியைக் காட்டியது ஈஸ்வரிதான், அவளுக்கே தெரியாமல். தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “எனக்கெல்லாம் கனவுன்னு என்னத்தைங்கக்கா வருது? உங்களத் திருப்பிப் போடறதுதான் வருது. பகல்ல நூறுதரம் பண்றமில்லீங்க, தூக்கத்துலயும் கை அதையேதான் பண்ணுது.”

கலாமணி சட்டென்று நிமிர்ந்தாள்.

முதுகு முறிந்தவர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுக்கும் ஒரு பழக்கம் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் ஊன்றி, உடம்பை நாற்காலியிலிருந்து தூக்கி, இருபது எண்ணும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். தூக்காவிட்டால் உட்கார்ந்த இடத்தில் புண் வந்துவிடும். சாமி கும்பிட மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். கலாமணி அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்தாள். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் “நாற்காலி எங்கே?” என்று வாய்விட்டுக் கேட்பாள். சக்கரத்தைத் தட்டி “இதோ” என்பாள். அரை மணிக்கு ஒருமுறை போதாது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தாள். பகலெல்லாம் கேட்டால் கனவிலும் கேட்கும், கனவில் கேட்டால் நாற்காலி வந்துவிடும், வந்துவிட்டால் உட்கார்ந்துவிடலாம். அவ்வளவுதான் கணக்கு.

குழுவில் சொன்னாள். மூழ்குகிறவர்களுக்குத் துரும்பு கிடைத்ததுபோல் ஆயிற்று. அடுத்த வாரமே கரட்டுப்புதூரைச் சுற்றி முப்பது நாற்பது வீடுகளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “நாற்காலி எங்கே?” என்று குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நாச்சிமுத்து மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

“பதினெட்டு வருசமா கனவுல நான் ஏறாத மரமில்ல அம்மணி. பாளைக்குக் கிட்டக்கப் போயி ஒரு கையால பிடிச்சுட்டு நின்னன்னா, காத்து வரும் பாரு… அதுலயும் வந்து எறங்குடான்னா எப்புடி? ஆளு போனாப் போகட்டும். என்ற பொண்டாட்டி இருக்கறா, திட்டிக்கிட்டே தூக்குவா.”

“எனக்கு யாருண்ணா இருக்கறா?”

“நீ பண்ணு கண்ணு,” என்றார் நாச்சிமுத்து. “உனக்கு வேற வழியில்ல.”

ஐந்தாவது வாரம் அது நடந்தது. பிசிறு வெட்டிய களைப்பில் மத்தியானம் கண் அசந்தவள் வாய்க்கால் மேட்டில் இருந்தாள். கையில் செருப்பு, காலில் சேறு. நாலு எட்டு வைத்ததும் தோள் தானாக ஊன்றப் பார்த்தது. நாற்காலி எங்கே? கேட்டு முடிப்பதற்குள் ஈரக்கரையில் அது வந்து நின்றது. உட்கார்ந்தாள். சக்கரம் சேற்றில் புதைந்து நகரவில்லை. தண்ணீர் மட்டும் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

விழித்ததும் “ஈஸ்வரி, ஒக்காந்துட்டேன்! ஒக்காந்துட்டேன் ஈஸ்வரி!” என்று கத்தினாள். ஈஸ்வரி ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்றைக்குக் கேசரி கிளறினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாதிக் கேசரியில் கலாமணி அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று ஈஸ்வரிக்குப் புரியவில்லை. கலாமணிக்குப் புரிந்தது. அவள் தன் கையாலேயே ஒன்றைக் கொன்றிருந்தாள், அதற்குக் கேசரி தின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் நடக்கவில்லை. வாய்க்கால் வரும், ஈரக்கரை வரும், அதற்கு முன்னால் நாற்காலி வந்து காத்திருக்கும். செருப்புக்கூட இப்போது கையில் இல்லை. நடக்காதவளுக்குச் செருப்பு எதற்கு என்று கனவே முடிவுசெய்துவிட்டது போலிருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கியதில் நைந்த தோள் முழுதாகப் போனது. முகாமுக்கு முந்தின நாள் வலது கையால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அதிலிருந்து ராத்திரிக்கும் ஈஸ்வரியே வந்து திருப்பிப் போட்டாள்.

“அக்கா, போதுமுங்க, நிறுத்துங்க. கை வீங்கியிருக்குதுங்க,” என்றாள் ஈஸ்வரி.

“நாளைக்கு ஒருநாள்தான். அப்புறம் நீ இருக்கறியே, எனக்கெதுக்குக் கை?”

மத்தியானம் ஒன்றரை மணிக்கு நூற்றுப்பன்னிரண்டு பேரைத் தூங்கச் சொன்னது அரசாங்கம். இடம் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் கம்ப்யூட்டர்கள், கீழே வரிசையாகக் கட்டில்கள். வாசலில் முந்தின முகூர்த்தத்தின் வாழைமரம் வாடித் தொங்கியது. எல்லோருக்கும் தயிர்ச்சோறும் ஊறுகாயும் கொடுத்தார்கள். கூடவே ஒரு மாத்திரை. படுத்தவுடன் தூக்கமும் தூங்கியவுடன் கனவும் வருமாம்.

“சோத்தப் போட்டுத் தூங்கச் சொல்ற ஆபீசரு என்ற ஆயுசுலயே இப்பத்தான் பாக்கறேன்,” என்றார் இரண்டு கட்டில் தள்ளிக் கிடந்த நாச்சிமுத்து. சிரித்தவர்கள் குறைவு. பல பேர் உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று கலாமணிக்குத் தெரியும்.

அவளுடைய வரிசைக்கு வந்த டெக்னீஷியன் பெண்ணின் சட்டையில் யாழினி என்று எழுதியிருந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். சும்மாட்டைத் தலையில் மாட்டும்போது காதில் முடி சிக்கிவிடாமல் ஒதுக்கிவிட்டாள். நல்ல பெண் என்று கலாமணி நினைத்துக்கொண்டாள்.

கனவு வந்தது. வாய்க்கால், ஈரக்கரை, நாற்காலி. கலாமணி முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுப்பியபோது யாழினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு அசைவுகூட இல்லைங்க,” என்றாள்.

கலாமணிக்கு அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

“ஒரு கேள்வி மட்டும் இருக்குங்க. முன்னாடி எப்பவாவது கனவுல நடந்திருக்கீங்களா? அடிபட்ட புதுசுல?”

இதை எதிர்பார்த்துத்தான் கலாமணி வந்திருந்தாள். மண்டபத்துக்கு வரும் வழியெல்லாம் குழுவில் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். கேட்டால் ஒரே பதில், எல்லோரும் ஒரே பதில்.

“இல்லீங்க. எப்பவுமே நாற்காலிதான்.”

“நிஜமாவாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவைகூட இல்லையா?”

யாழினி ஏன் இரண்டாம் தடவை கேட்கிறாள், ஏன் அவள் குரல் அப்படித் தாழ்ந்தது என்று கலாமணி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. போலீஸ்காரன் துருவுவதுபோல் துருவுகிறாள் என்றுதான் நினைத்தாள்.

“சாமி சத்தியமா இல்லீங்க,” என்றாள்.

யாழினி ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டாள். பட்டையைக் கழற்றும்போது அவள் கலாமணியின் கண்ணைப் பார்க்கவில்லை.

முதல் கடிதம் நாச்சிமுத்துவுக்கு வந்தது. மீளத்தக்கவர். எதிர்பார்த்ததுதான் என்று சிரித்தார். “மரமேறிட்டனாமா. நாப்பது அடி ஏறுனதுன்னு அதுல படமே இருக்குது அம்மணி, சட்டம் போட்டு மாட்டலாம்னு இருக்கறேன்,” என்றார். அவர் மனைவி பின்னால் திட்டுவது போனில் கேட்டது.

கலாமணியின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. ஈஸ்வரிக்கு அரசாங்கத் தமிழ் தடுக்கும். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“விண்ணப்பதாரர் ‘ஒத்தமைந்தவர்’ என வகைப்படுத்தப்படுகிறார். நடை இழப்பை விண்ணப்பதாரரின் மூளை இழப்பாகக் கருதவில்லை என்பதும், எக்காலத்தும் கருதியதில்லை என்பதும் அவரது வாக்குமூலத்தாலும் உறுதியாகிறது. உணரப்படாத இழப்புக்கு ஈடு தேவையற்றது. உதவியாள் சேவை மாத இறுதியுடன்…”

அதற்குமேல் ஈஸ்வரி படிக்கவில்லை.

கலாமணி முகாம் எண்ணுக்குப் போன் போட்டாள். மூன்று நாள் கழித்து யாழினி எடுத்தாள். யாரென்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“நடந்தா ஆளு இல்லைன்னீங்க. நான் நடக்கலியே. ஒக்காந்துட்டுத்தான இருந்தேன்?”

“நடந்தா குணமாயிடுவாங்கன்னு ஒரு வகைங்க. நடக்கவே இல்லைன்னா அவங்களுக்கு அது குறையாவே தெரியலைன்னு இன்னொரு வகை. இது ரெண்டாவது ஆணைல வந்தது. எங்களுக்கே முகாமுக்கு முதல் நாள்தான் சொன்னாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க.”

“அதுக்குத்தான் ரெண்டுதரம் கேட்டியா?”

“அதுக்கு மேல என்னால கேக்க முடியலைங்க.”

“அப்ப ஆருக்குத்தான் ஆளு கெடைக்கும்?”

“நடுவுல ஒரு வகை இருக்குங்க. கனவுல எழுந்து நடக்கப் பார்த்து, முடியாம விழறவங்க. அவங்களுக்கு இழப்பும் இருக்கு, குணமாகவும் மாட்டாங்கன்னு…”

“நம்ம மாவட்டத்துல எத்தனை பேரு அப்புடி?”

“இதுவரைக்கும் யாரும் இல்லைங்க.”

சாலையில் ஏதோ லாரி போகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டது.

“நான் நடப்பேன் சாமி,” என்றாள் கலாமணி. “இருவத்திரண்டு வருசம் நடந்தேன். பொய் சொல்லிட்டேன். எழுதிக்கிறியா?”

“மறு சோதனை ஆறு மாசம் கழிச்சுத்தாங்க. அப்ப உங்க கனவுல வந்துதுன்னா…” என்று இழுத்தாள் யாழினி. போனை வைத்துவிட்டாள்.

கலாமணி அன்றிலிருந்து கேள்வியை நிறுத்தினாள். சக்கரத்தைத் தட்டுவதை நிறுத்தினாள். பகலில் கண்ணை மூடிக்கொண்டு சேற்றை நினைத்தாள், அறுந்த செருப்பை நினைத்தாள், விழுவதை நினைத்தாள். பழக்கம் வந்த வழியே திரும்பிப் போகுமா? ஒவ்வொரு தடவையும் நாற்காலி அவளுக்கு முன்னால் போய் நின்றது. நாச்சிமுத்து தினமும் மத்தியானத் தூக்கம் முடிந்ததும் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மரம், எத்தனை குலை என்று சொல்வார். இரண்டு பேருக்கும் ஆள் போகிறது, அவருக்கு மரம் மிஞ்சியது. கலாமணிக்கு வயிறு எரிந்தது. அப்புறம் அதற்காக வெட்கப்பட்டாள்.

மாதக் கடைசி நாள் வந்தது. ஈஸ்வரி துணியெல்லாம் துவைத்துப் போட்டாள், தரையைக் கழுவினாள், தண்ணீர்க் குடத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு ராத்திரியிலிருந்தே அவளுக்குக் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு.

“ஞாயித்துக்கெழமை வந்தர்றனுங்கக்கா. கண்டிப்பா வருவனுங்க.”

“இன்னிக்கு என்ன கெழம?”

“செவ்வாய்ங்க.”

நாலு மணிக்கு ஈஸ்வரி அவளை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்தாள், சேலையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். சுருக்கம் இருந்தாலும் புண் வரும். போகும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் சந்துமுனைவரை கேட்டது.

கலாமணி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஆறு மணிக்குத் திரும்பிப் படுக்க வேண்டும். வலது கை மார்பின் மேல் மரக்கட்டையாகக் கிடந்தது. இடது கை உடம்புக்கு அடியில் இருந்தது. தூங்கிவிடலாம், ஒருவேளை இன்றைக்காவது விழுவோம் என்று கண்ணை மூடினாள்.

வாய்க்கால் மேடு வந்தது. அவள் நாற்காலியில் இருந்தாள். விழ வேண்டும். முன்னால் சாய்ந்து பார்த்தாள். கை இரண்டும் சக்கரத்தை விடவில்லை, ஏழு வாரம் பழகிய கை. தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்தாள், வானத்தைப் பார்த்துச் சாய்ந்தாள். நாற்காலி ஆடாமல் அசையாமல் அவளைப் பிடித்துவைத்திருந்தது.

கண் விழித்தபோது சுவரில் வெயில் மேலே ஏறியிருந்தது. திரும்பப் பார்த்தாள், முடியவில்லை. எங்கேயோ போன் அடித்தது. நாச்சிமுத்துவாகத்தான் இருக்கும். போன் நாற்காலிப் பையில் இருந்தது. நாற்காலியின் மெத்தையைக் கழுவி வெயிலில் போடுகிறேன் என்று காலையில் ஈஸ்வரி சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே எடுத்துவைத்தாளா, வெளியிலேயே விட்டுவிட்டாளா? சத்தம் முதுகுக்குப் பின்னால் வருகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. சுவரைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

“நாற்காலி எங்கே?” என்று வாய்விட்டுக் கேட்டாள்.

போன் முழுதாக அடித்து நின்றது. கலாமணி இன்னொரு தடவை கேட்டாள், கொஞ்சம் சத்தமாக. பக்கத்து வீட்டில் யாரோ, “அந்தம்மா மறுபடி ஆரம்பிச்சிருச்சு,” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்கள்.

மணி ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.